நிறுத்தம் வேறு, முடிவு வேறு

2020 மார்ச் 19 முதல் தமிழ்நாட்டில் திரைப்பட, சின்னத்திரைப் படப்பிடிப்புகள் நிறுத்தப்பட்டன. அடுத்த சில நாள்களில் நாடே முடங்கியது. மே மாத இறுதியில் கட்டுப்பாடுகளுடன் சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு மாநில அரசு அனுமதி அளித்தது. ஆனால், ஓடிக்கொண்டிருந்த தொடர்கள் எல்லாம் திரும்பி வரவில்லை. சன் தொலைக்காட்சியில் மட்டும் ‘அழகு’, ‘கல்யாணப் பரிசு’, ‘தமிழ்ச்செல்வி’, ‘சாக்லேட்’ என நான்கு தொடர்கள் கைவிடப்பட்டன. ரேவதி நடித்த ‘அழகு’ 2017 நவம்பரில் தொடங்கியது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நாள்தோறும் நம் வீடுகளுக்குள் வந்துபோன ஒரு குடும்பம், ஒரு நாள் வராமலேயே போயிற்று.

மனித உயிர்களே கணக்கின்றிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், தொலைக்காட்சித் தொடர் நின்றதைப் பற்றி யார் கவலைப்படுவார் என்று கேட்கலாம். கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். இளையரசனேந்தலில் எங்கள் தெருவில் தனியாக வசிக்கும் ஒரு மூதாட்டி, தீப்பெட்டி ஆபீசில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர், அந்த நாள்களில் என்னிடம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார். “சார், நீங்க பேப்பரெல்லாம் படிக்கீகளே, அந்தக் கதையில கடைசியில என்னாச்சுன்னு எதுலயாவது போட்டிருக்கா?” எதிலும் போட்டிருக்கவில்லை. போட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவும் இல்லை.

நிறுத்தப்பட்ட ஒரு தொடருக்கு நிறைவான முடிவு சாத்தியமா என்ற கேள்வியை அவருடைய கேள்வியின் வழியாகவே நான் அணுகுகிறேன். சாத்தியம் என்பதே என் விடை. ஆனால் அதற்கு, நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு செயல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடரை நிறுத்துவது ஒரு வணிக முடிவு. கதையை முடிப்பது, கேட்பவருக்குச் சொல்பவர் தீர்க்க வேண்டிய கடன். முதலாவதைச் செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. அந்த உரிமையால் இரண்டாவது கடன் தள்ளுபடியாகிவிடுவதில்லை.

நீட்டலும் வெட்டலும்

நம் தொடர்கள் ஏன் பாதியில் நிற்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, அவை ஏன் முடிவின்றி நீள்கின்றன என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே.

தொலைக்காட்சி விற்பது கதையை அன்று; நேரத்தை. அரை மணி நேரம் என்ற பெட்டிக்குள் விளம்பரங்கள் போக எஞ்சியிருப்பதே தொடர். தமிழ்த் தொலைக்காட்சியின் தொடக்க ஆண்டுகளில் தயாரிப்பாளர்கள் அந்த நேரத்தைச் சேனலிடமிருந்து கட்டணம் கொடுத்து வாங்கி, விளம்பரங்களைத் தாங்களே விற்றுப் பொருளீட்டினார்கள். பிற்காலத்தில் சேனல்களே அத்தியாயத்துக்கு இவ்வளவு என்று தொகை கொடுத்துத் தொடர்களைத் தயாரிக்கச் செய்யும் முறை வலுப்பெற்றது. எந்த முறையாயினும் விளம்பரத்தின் விலையைத் தீர்மானிப்பது டி.ஆர்.பி. என்னும் பார்வையாளர் கணக்கு. இந்தியாவில் 20 கோடிக்கும் மேற்பட்ட தொலைக்காட்சி வீடுகள் இருக்கின்றன. அவற்றில் 50,000-க்குச் சற்று மேற்பட்ட வீடுகளில் பொருத்தப்பட்ட கருவிகளைக் கொண்டு ‘பார்க்’ அமைப்பு வாரந்தோறும் இந்தக் கணக்கை வெளியிடுகிறது. அதாவது, ஒவ்வொரு தொடரும் வாரத்துக்கு ஒரு முறை தேர்வு எழுதுகிறது.

ஒரு தொடரைத் தொடங்குவதுதான் பெரும் செலவு. வீடு பிடிக்க வேண்டும், நடிகர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விளம்பரப்படுத்த வேண்டும், பார்வையாளரைப் பழக்க வேண்டும். பழகிவிட்ட பிறகு கூடுதலாக ஓர் அத்தியாயம் எடுக்க ஆகும் செலவு, அது ஈட்டும் வருவாயோடு ஒப்பிட்டால் சிறியது. ஆகவே, வெற்றி பெற்ற தொடரை எவரும் முடிக்க விரும்புவதில்லை. ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை 1,533 அத்தியாயங்கள் ஓடியது இந்தக் கணக்கினால்தான்.

டி.ஆர்.பி. சரியத் தொடங்கும் நாளில் கணக்கு தலைகீழாகிறது. அதே அரை மணி நேரத்தில் புதிய தொடரொன்றை வைத்தால் கிடைக்கக்கூடிய வருவாய், பழைய தொடர் ஓடும் ஒவ்வொரு நாளும் இழப்பாகத் தெரிகிறது. பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்கிறோம். நேற்றுவரை நீட்டச் சொன்ன அதே நிறுவனம், இன்று இரண்டு வாரத்தில் முடிக்கச் சொல்கிறது. சில வேளைகளில் அந்த இரண்டு வாரமும் தருவதில்லை. நீட்டலும் வெட்டலும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள். கதையின் முடிவு கதைக்குள் இல்லாமல் கணக்கேட்டில் இருப்பதே நோயின் வேர்.

இதைப் பேசித் தீர்க்கும் இடம் ஒப்பந்தம். ஆனால், எதிர்காலத்தில் நேரக்கூடிய அனைத்தையும் எந்த ஒப்பந்தமும் முன்கூட்டியே எழுதிவிட முடியாது. இத்தகைய நிறைவுறா ஒப்பந்தங்களைப் பற்றிய ஆய்வுக்காகவே ஆலிவர் ஹார்ட் 2016-ஆம் ஆண்டு பொருளியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒப்பந்தம் மௌனம் சாதிக்கும் இடங்களில் யாருடைய சொல் செல்லும் என்பதே அவர் எழுப்பிய முதன்மையான கேள்வி. தொலைக்காட்சியில் விடை எளிது: நேரத்துக்கு உரிமையாளர் எவரோ, அவருடைய சொல்லே செல்லும். ‘க்யூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ’ என்ற இந்தித் தொடர் 2000-ஆம் ஆண்டு தொடங்கி 1,800-க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஓடியது. 2008-இல் சேனல் அதை நிறுத்த முடிவெடுத்தபோது, தயாரிப்பு நிறுவனம் மும்பை உயர் நீதிமன்றம் வரை சென்றும் தொடரைக் காப்பாற்ற முடியவில்லை. நாட்டின் மிகப் பெரிய தொடருக்கே இந்த நிலை என்றால், ஏனைய தொடர்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் தன் மாலைப் பொழுதைக் கொடுத்த பார்வையாளர்தான் அவர். அவர் வழக்குத் தொடுக்க முடியாது, கேட்கத்தான் முடியும்.

கடைசிக் கணத்தின் எடை

முடிவு கிடைக்காவிட்டால் என்ன, அதுவரை பார்த்த இன்பம் பொய்யாகிவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பொருளியலில் நோபல் பரிசு பெற்ற உளவியலறிஞர் டேனியல் கானமன் இதைப் பற்றி நிறையவே சிந்தித்திருக்கிறார். 1993-இல் அவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைத்திருப்பது ஒரு சோதனை. அதே ஒரு நிமிடத்துடன், நீர் சற்றே வெதுவெதுப்பாக்கப்பட்ட மேலும் 30 வினாடிகள் வைத்திருப்பது இன்னொரு சோதனை. எதைத் திரும்பச் செய்வீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் நீண்ட சோதனையைத் தேர்ந்தெடுத்தனர். மொத்த வேதனை அதில்தான் அதிகம். ஆனால் முடிவு சற்று இதமாக இருந்தது. ஓர் அனுபவத்தை நாம் அதன் நீளத்தால் அன்றி, அதன் உச்சத்தாலும் முடிவாலும் நினைவில் வைக்கிறோம் என்பது இதிலிருந்து பெறப்பட்ட கருத்து.

ஒருவர் நெடுநேரம் இசைத்தட்டில் ஓர் இசைக்கோவையைக் கேட்டு மகிழ்கிறார். இறுதியில் தட்டில் இருந்த கீறலால் கொடூரமான ஒலி எழுகிறது. ‘முழு அனுபவமும் பாழாகிவிட்டது’ என்கிறார் அவர். கானமன் இதற்குச் சொல்லும் விளக்கம் நுட்பமானது. பாழானது அனுபவம் அன்று, அனுபவத்தின் நினைவு. அதுவரை கேட்ட இசை கேட்டதுதான். ஆனால் நம் கையில் எஞ்சுவது நினைவு மட்டுமே என்பதால், அந்த இழப்பு சிறிதன்று.

நின்றுபோன தொடர் அந்தக் கீறலைவிடவும் மோசமானது. கீறல் விழுந்த தட்டை மாற்றிவிட்டு அதே இசையை மறுபடி கேட்கலாம். எழுதப்படாத முடிவை எங்கும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நிறைவு என்பது எது?

எல்லா முடிச்சுகளையும் அவிழ்த்துவிட்டால் நிறைவு கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. தமிழ் வாசகருக்கு இதற்குச் சிறந்த சான்று ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் வெளிவந்த அந்தப் புதினத்தை எவரும் நிறுத்தவில்லை. ஆசிரியரே தாம் நினைத்த இடத்தில் முடித்தார். ஆயினும், கதை திடீரென்று முடிந்துவிட்டதாகவும் பல பாத்திரங்களின் கதி தெரியவில்லை என்றும் வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டனர். கல்கி அவர்களை ஏளனம் செய்யவில்லை. முடிவுரை ஒன்றை எழுதி, வரலாற்றுப் புதினம் ஏன் அப்படித்தான் முடிய வேண்டும் என்று தம் தரப்பை விளக்கினார். யார் யாருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் சுருக்கமாகச் சொன்னார். நிறுத்தப்படாத கதைக்கே வாசகரிடம் கணக்கு ஒப்படைக்க வேண்டும் என்று கருதியவர் அவர். அதற்கு ஆன செலவு சில பக்கங்கள் மட்டுமே.

அதே 1954 டிசம்பர் 5-ஆம் நாள் கல்கி மறைந்தார். அப்போது அவருடைய ‘அமரதாரா’ தொடராக வந்துகொண்டிருந்தது. மரணத்தைவிடப் பெரிய நிறுத்தம் கிடையாது. இதழ் அந்தக் கதையை அப்படியே விட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு அவருடைய மகள் ஆனந்தி அதை எழுதி நிறைவு செய்தார். அது கல்கியின் நடைக்கு ஈடாகுமா என்பது இரண்டாம் கேள்வி. சொல்ல வந்தவர் எங்கே கொண்டுசெல்ல நினைத்தார் என்பது வாசகருக்குத் தெரிவிக்கப்பட்டது என்பதே முக்கியம். முடிவுக்கு அதிகாரம் தருவது கதைசொல்லியின் நோக்கம். எழுதும் கை வேறாக இருக்கலாம்.

கதைசொல்லியின் மன உறுதியாலும் முடிவு கிட்டும். ‘குமுதம்’ இதழில் சுஜாதா எழுதத் தொடங்கிய ‘கருப்பு சிவப்பு வெளுப்பு’ எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பின்புலமாகக் கொண்ட அந்தக் கதையை அவர் கைவிட்டுவிடவில்லை. பின்னர் ‘ரத்தம் ஒரே நிறம்’ என்ற பெயரில் மறுபடி எழுதி முடித்தார்.

இனி, முடியாமலேயே நிறைவு தரும் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார் எழுதிய ‘சந்திரிகையின் கதை’ முற்றுப்பெறாத புதினம். 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். சந்திரிகை அந்தக் கதையில் குழந்தையாகவே நின்றுவிட்டாள். பெயருக்குரியவளின் கதையே சொல்லப்படாத ஒரு புதினம் இன்றும் விரும்பி வாசிக்கப்படுவது எதனால்? அதன் தொடக்கத்தில் எழும் கேள்வி சந்திரிகையைப் பற்றியது அன்று. அவளை வளர்க்கும் பொறுப்பை ஏற்ற இளம் கைம்பெண் விசாலாட்சிக்கு மறுவாழ்வு உண்டா என்பதே அது. அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது: விசாலாட்சி மறுமணம் செய்துகொள்கிறாள். எஞ்சியவை எஞ்சியவையாகவே இருந்தாலும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவதில்லை.

இதிலிருந்து ஓர் அளவுகோல் கிடைக்கிறது. கதை தன் முதல் நாளில் எந்தக் கேள்வியைக் கேட்டு நம்மை உட்காரவைத்ததோ, அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டால் அது முடிந்த கதை. நூறு கிளைக்கதைகளை அவிழ்த்து முடித்தாலும் முதல் கேள்வியை விட்டுவிட்டால் அது நின்ற கதை. ஆகவே, நிறுத்தப்படும் தொடருக்கு நிறைவான முடிவு தர இருநூறு அத்தியாயங்கள் தேவையில்லை. முதல் வாரத்தில் எழுப்பிய கேள்வியை நினைவில் வைத்திருக்கும் எழுத்தாளர் ஒருவரும், அவருக்குச் சிறிது அவகாசமும் போதும்.

வில்லடியில் ஒரு பாடம்

தென் மாவட்டங்களின் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த அளவுகோல் புதிதன்று. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம், கதைக்கூறு, வாழி என்று வில்லுப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. புலவர் நாட்டு வளத்தை விரித்துக்கொண்டே போவார். இடையிடையே நகைச்சுவை பேசுவார். குடம் அடிப்பவரோடு வாதாடுவார். சாமக்கொடைக்கு நேரமாகிவிட்டது என்று குறிப்புக் கிடைத்தால், கதையைச் சுருக்குவார். இரண்டு மணி நேரம் பாட வேண்டியதைக் கால் மணி நேரத்தில் பாடிவிடும் வல்லமை அவருக்கு உண்டு. ஆனால், சாமியின் கதை சேர வேண்டிய இடத்தில் சேராமல், வாழி பாடாமல், அவர் வில்லை விட்டு எழுந்திருக்க மாட்டார். எழுந்தால் அது தெய்வக் குற்றம். அதைவிட, அடுத்த ஆண்டு அந்த ஊர் அவரை அழைக்காது.

இதில் பொருளியலும் இருக்கிறது. விரித்துச் சொல்வதும் சுருக்கிச் சொல்வதும் சொல்பவரின் உரிமை. கேட்பவர்கள் அதற்கு உடன்படுகிறார்கள். பாதியில் எழுவதற்கு மட்டும் உடன்படுவதில்லை. அடுத்த ஆண்டின் அழைப்பு என்ற ஒன்று இருப்பதால் அந்த ஒழுக்கம் காக்கப்படுகிறது. தொலைக்காட்சிக்கு அத்தகைய அச்சம் இல்லாதது போலத் தோன்றுகிறது. உண்மையில் இருக்கிறது; அதன் விளைவு தாமதமாக வருகிறது என்பதே வேறுபாடு.

நம்பிக்கை என்னும் மூலதனம்

நிறுத்தப்படும் தொடரின் கடைசி இரண்டு வாரத்துக்குச் செலவு செய்வதால் சேனலுக்கு உடனடி ஆதாயம் எதுவும் இல்லை. பார்வையாளர் குறைந்துவிட்டார்கள் என்பதனால்தானே நிறுத்துகிறது. உறவு முடியப்போகிறது என்று தெரிந்துவிட்டால், கடைசிச் சுற்றில் நேர்மையாக இருக்கத் தூண்டுதல் குறைவு என்பதை விளையாட்டுக் கோட்பாடு படித்த மாணவர்கள் அறிவார்கள். ஆனால், சேனலுக்கும் பார்வையாளருக்கும் உள்ள உறவு அந்தத் தொடரோடு முடிவதில்லை. மறு நாள் அதே நேரத்தில் புதிய தொடர் தொடங்குகிறது. முந்தைய கதையில் ஏமாந்தவர் இதில் மனத்தைக் கொடுக்கத் தயங்குவார்.

இந்தத் தயக்கத்தை ஓடிடி தளங்களில் வெளிப்படையாகவே காணலாம். ‘முழுத் தொடரும் வந்து முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும் இளைஞர்கள் பலரை நான் அறிவேன். அவர்கள் நோக்கில் அது அறிவார்ந்த முடிவு. ஆனால், எல்லோரும் அப்படிக் காத்திருந்தால் தொடக்கத்தில் பார்ப்போர் எண்ணிக்கை குறையும். குறைந்தால் தொடர் நிறுத்தப்படும். நிறுத்தப்பட்டால் காத்திருப்போர் கூட்டம் இன்னும் பெருகும். நம்பிக்கை குலைந்த சந்தை தன்னைத் தானே சுருக்கிக்கொள்ளும்.

இன்னொரு வழியிலும் நம்பிக்கை தேய்கிறது. திருச்செல்வம் இயக்கிய ‘எதிர்நீச்சல்’ 2022 பிப்ரவரியில் தொடங்கியது. ஆணாதிக்கம் மிகுந்த ஒரு வீட்டுக்குள் வாழ்க்கைப்பட்ட பெண்கள் எழுந்து நிற்பார்களா என்பதே அதன் முதல் கேள்வி. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று அத்தொடருக்கான பின்னணிக் குரல் பதிவின்போது மாரடைப்பால் மறைந்தார். வேல ராமமூர்த்தி அந்தப் பாத்திரத்தை ஏற்றார். 2024 ஜூன் 8 அன்று தொடர் முடிந்தபோது, அது அவசர முடிவு என்றே ரசிகர்கள் பலர் கருதினர். அந்த டிசம்பரிலேயே ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ வந்தது. ‘க்யூங்கி’யும் 17 ஆண்டுகள் கழித்து 2025 ஜூலையில் மீண்டும் வந்திருக்கிறது. தொடர்ச்சிகளை நான் குறை கூறவில்லை. விரும்புவோர் இருப்பதால்தான் அவை வருகின்றன. ஆனால், முடிவு என்று அறிவிக்கப்படுவது எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படலாம் என்று பார்வையாளர் கற்றுக்கொண்டால், எந்த முடிவும் அவரைத் தொடாது. மதிப்பிழந்த நாணயம் போல அது கைமாறும். யாரும் சேமித்து வைக்க மாட்டார்கள்.

மாறாக, முடிவு பெற்ற கதை நீடித்து உழைக்கும் சொத்து. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகளை நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடர்கள் தொண்ணூறுகளில் வாரம் ஒரு முறை ஒளிபரப்பாயின. விடை தெரிந்த மர்மங்கள் என்றாலும் அவை இன்றும் இணையத்தில் தேடிப் பார்க்கப்படுகின்றன. 2020 ஊரடங்கில் புதிய தொடர்கள் நின்றபோது, தூர்தர்ஷன் தன் பழைய ‘ராமாயணத்தை’ எடுத்து மறு ஒளிபரப்புச் செய்தது, கோடிக்கணக்கானோர் பார்த்தார்கள். பாதியில் நின்ற ஒரு தொடரை முப்பது ஆண்டுகள் கழித்து எவரேனும் எடுத்து ஒளிபரப்புவார்களா?

அந்த ராமாயணத்துக்கே முடிவு பற்றிய ஒரு வரலாறு உண்டு. 1987 ஜனவரியில் தொடங்கிய ராமானந்த் சாகரின் தொடர், 1988 ஜூலை 31 அன்று 78 அத்தியாயங்களுடன் பட்டாபிஷேகத்தில் நிறைவுற்றது. ஜலந்தர் உள்ளிட்ட வட இந்திய நகரங்களில் தூய்மைப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வால்மீகி முனிவரைத் தங்கள் குருவாகப் போற்றும் சமூகத்தினர் அவர்கள். வால்மீகியே பாத்திரமாக வரும் உத்தர காண்டம் இல்லாமல் கதை முடிவதை அவர்கள் ஏற்கவில்லை. அரசு இணங்கியது, உத்தர ராமாயணமும் தொடராக வந்தது. முடிவைக் கேட்டுப் பெறும் உரிமை தங்களுக்கு உண்டென்று இந்நாட்டில் முதலில் நிறுவியவர்கள், நம் தெருக்களைக் கூட்டிய எளியவர்கள். சீரியல் பார்ப்பவர்களை ஏளனமாகப் பேசும் படித்தவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

செய்ய வேண்டியது என்ன?

நட்டத்தில் ஓடும் தொடரை ஆண்டுக்கணக்கில் தாங்கச் சொல்வது நியாயமாகாது. நான் கேட்பது அதுவன்று. மூன்று சிறிய ஏற்பாடுகள் போதும்.

முதலாவது, நிறுத்த அறிவிப்புக்கு ஒரு கால அளவு. தயாரிப்பாளருக்கும் சேனலுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில், தொடரை நிறுத்துவதாயின் குறைந்தது பன்னிரண்டு அத்தியாயங்களுக்கு முன் தெரிவிக்க வேண்டும் என்ற விதி இடம்பெறலாம். அந்த அத்தியாயங்கள் முதன்மை நேரத்தில் வர வேண்டும் என்பதில்லை. பிற்பகலில் வரலாம், சேனலின் செயலியில் மட்டும்கூட வரலாம். இது பார்வையாளருக்கு மட்டும் நன்மையன்று. நாள் கூலியில் வேலை செய்யும் ஒளியமைப்பாளர், ஒப்பனைக் கலைஞர், தயாரிப்பு உதவியாளர் ஆகியோருக்கும், அடுத்த வேலை தேடிக்கொள்ள இரண்டு வாரம் கிடைக்கும்.

இரண்டாவது, தொடங்கும்போதே முடிவை எழுதி வைத்தல். ஒரே ஒரு பக்கம் போதும்: முதல் கேள்வி இது, அதற்கு விடை இது. எத்தனை கிளைக்கதைகள் வளர்ந்தாலும் அந்தப் பக்கம் மாறாமல் இருக்கட்டும். கல்கியின் குறிப்புகள் அவருடைய மகளுக்கு உதவியது போல, இயக்குநர் மாறினாலும் நடிகர் மறைந்தாலும் அது உதவும்.

மூன்றாவது, படமெடுக்க இயலாத நிலையில், கதையைச் சொல்லியாவது முடித்தல். 2020-இல் படப்பிடிப்பு நடத்த முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஒரு நாற்காலியில் இயக்குநரோ எழுத்தாளரோ அமர்ந்து, ‘இந்தக் குடும்பத்துக்குக் கடைசியில் இதுதான் நடந்திருக்கும்’ என்று அரை மணி நேரம் பேசியிருக்க முடியும். அலங்காரம் இல்லை, அரங்கம் இல்லை, பின்னணி இசையும் தேவையில்லை. நம் மக்கள் கதை கேட்டுப் பழகியவர்கள். காட்சி இல்லாவிட்டாலும் கேட்பார்கள்.

வெளிநாட்டில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் ‘சென்ஸ் 8’ என்ற தொடரை 2017 ஜூனில் நிறுத்துவதாக அறிவித்தது. ரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின், தொடரை மீட்க முடியாது, ஆனால் கதையை முடித்துத் தருகிறோம் என்று அதே மாத இறுதியில் இசைந்தது. 2018 ஜூன் 8 அன்று ஏறத்தாழ இரண்டரை மணி நேர நிறைவு அத்தியாயம் வெளியானது. பல ஆண்டுகளுக்குத் திட்டமிட்ட கதை அதற்குள் நெருக்கித் திணிக்கப்பட்டிருந்தது உண்மை. ஆனால், நிறுத்தும் உரிமையையும் முடிக்கும் கடமையையும் பிரித்துப் பார்க்க ஒரு பெரிய நிறுவனத்தால் முடிந்தது என்பதற்கு அது சான்று.

வாழ்க்கையே பாதியில் நிற்கிறது, கதை மட்டும் ஏன் முடிய வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு. வாழ்க்கை அப்படி நிற்பதனால்தான் மனிதர்கள் கதையைத் தேடி வருகிறார்கள் என்பது என் எண்ணம். கணவர் மறைந்து, பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட்ட வீட்டில், மாலை நேரத்து அரை மணி நேரம் என்பது பொழுதுபோக்கு மட்டுமன்று. நாளைக்கு என்ன நடக்கும் என்று எண்ணிப் படுக்க ஒரு காரணம் அது. அந்தக் காரணத்தை விற்றுத்தான் நிறுவனங்கள் விளம்பரம் பெறுகின்றன. வாங்கியவருக்குச் சரக்கை முழுமையாகக் கொடுப்பது வணிக அறத்தின் முதல் பாடம்.

தொடர்கள் நிற்கட்டும், சந்தையில் எதுவும் நிலையானதன்று. ஆனால் எழுந்து போகும் முன், ‘கடைசியில் என்னாச்சு’ என்று கேட்பவருக்கு ஒரு விடை சொல்லிவிட்டுப் போகட்டும். வாழி பாட அரை மணி நேரம் போதும்.